‘டிவாய்ட்’: இன்மையைச் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் வேரும் வழக்கும் – முழுமையான வழிகாட்டி

தருமபுரியில் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர் சிலருக்கு மாலை வேளைகளில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கோடையில் ஒருநாள், ‘ஏரியில் தண்ணீரே இல்லை’ என்னும் வாக்கியத்தை ‘டிவாய்ட்’ என்ற சொல்லைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ‘வாட்டர் இஸ் டிவாய்ட் இன் த லேக்’ என்று எழுதியிருந்தார்கள். சொல்லுக்கு ‘இல்லாத’ என்று பொருள் என்பதை அகராதி பார்த்து அனைவரும் சரியாகவே மனப்பாடம் செய்திருந்தார்கள். பொருள் தெரிந்தும் வாக்கியம் தவறுகிறது என்றால், கோளாறு அகராதியில் இல்லை. அந்தச் சொல் வாக்கியத்தில் எதைச் சார்ந்து நிற்கிறது என்பதை நாம் கவனிக்கவில்லை என்பதே காரணம். அதைக் கவனிப்பதற்கு அச்சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்வதே குறுக்குவழி என்பது என் அனுபவம். விதிகளைத் தனித்தனியே உருப்போடுவதைவிட, வேரைப் பிடித்துக்கொண்டால் விதிகள் தாமாகவே பின்னால் வந்துவிடுகின்றன.

முதற்படி: ஒலியையும் பொருளையும் சரியாகப் பிடித்துக்கொள்ளுதல்

சொல்லின் எழுத்துகள் டி, இ, வி, ஓ, ஐ, டி என்பன. அழுத்தம் இரண்டாம் அசையாகிய ‘வாய்ட்’ என்பதன்மேல் விழும். முதல் அசை குறுகி ஒலிக்கும். ‘டீவாய்ட்’ என்று முதலெழுத்தை நீட்டிச் சொல்லும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடலாம்.

பொருளைப் பொறுத்தவரை, ஒன்று ஓரிடத்தில், அல்லது ஒருவரிடத்தில், அல்லது ஒரு பேச்சிலோ எழுத்திலோ முழுவதுமாக இல்லாதிருக்கும் நிலையையே இது குறிக்கிறது. ‘முழுவதுமாக’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். கிணற்றின் அடியில் முழங்காலளவு தண்ணீர் கிடந்தால் அது குறைவுதானே தவிர இன்மை ஆகாது. அங்கே இச்சொல்லைப் பயன்படுத்த முடியாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இல்லாத அப்பொருள் அங்கே இருந்திருக்கலாம், பெரும்பாலும் இருந்திருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இச்சொல்லுக்குள் மறைந்திருக்கிறது. கேழ்வரகுக் களியில் மல்லிகை மணம் இல்லை என்று எவரும் குறைகூறுவதில்லை. உப்பு இல்லை என்றால் தட்டை நகர்த்திவிடுவார்கள். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்னும் பழமொழியில் உள்ள ‘இல்லா’ என்பதன் எடைதான் ‘டிவாய்ட்’ என்பதன் எடையும். அதனால்தான் ஆங்கிலத்தில் இச்சொல்லை அடுத்துப் பெரும்பாலும் பொருள், சாரம், நகைச்சுவை, இரக்கம், உணர்ச்சி, உயிர், மரஞ்செடிகள், பயன் போன்றவற்றைக் குறிக்கும் பெயர்களே வருகின்றன.

இரண்டாம் படி: வாக்கியத்தின் திசையை மாற்றுதல்

தொடக்கத்தில் சொன்ன தவறு நிகழும் இடம் இதுவே என்பதால் இங்கே சற்று நின்று செல்ல வேண்டும்.

தமிழில் ‘ஏரியில் தண்ணீர் இல்லை’ என்று சொல்லும்போது எழுவாய் தண்ணீர். இல்லாத பொருளே வாக்கியத்தின் தலைமை இடத்தில் இருக்கிறது. ஏரி வெறும் இடமாக, ‘இல்’ உருபை ஏற்று ஓரமாக நிற்கிறது. ‘டிவாய்ட்’ என்னும் சொல்லோ இதற்கு நேர்மாறாக, காலியாகக் கிடக்கும் இடத்தையே எழுவாயாகக் கேட்கிறது. வெறுமை ஏரியின் தன்மை. தண்ணீரின் தன்மை அன்று. ஆகவே ‘த லேக் இஸ் டிவாய்ட் ஆஃப் வாட்டர்’ என்பதே சரி. தமிழ் வாக்கியத்தின் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றுபவர், தண்ணீரையே காலியாக்கி நிறுத்திவிடுகிறார்.

இதற்கு நான் வகுப்பில் கற்பிக்கும் வழி ஒன்றுதான்: ஆங்கிலத்துக்குப் போகும் முன்பு, தமிழ் வாக்கியத்தைத் தமிழிலேயே ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். ‘ஏரியில் தண்ணீர் இல்லை’ என்பதை ‘நீரற்ற ஏரி’ என்று ஆக்குங்கள். ‘அவர் பேச்சில் சாரம் இல்லை’ என்பதைச் ‘சாரமற்ற பேச்சு’ என்றும், ‘பாறையில் மரம் இல்லை’ என்பதை ‘மரமற்ற பாறை’ என்றும் மாற்றுங்கள். ‘அற்ற’ என்ற சொல்லுக்குப் பின்னால் எது வந்து நிற்கிறதோ அதுவே ஆங்கிலத்தில் எழுவாய். முன்னால் எது நிற்கிறதோ அது ‘ஆஃப்’ என்பதன் பின்னே போய்ச் சேரும். இந்த ஒரு மாற்றத்தைப் பழகியவர்கள் பிறகு தவறுவது அரிது.

‘ஆப்சென்ட்’ என்னும் சொல் மட்டும் நம் தமிழ் வாக்கியத்தின் திசையிலேயே நடக்கும். இலத்தீனில் ‘அப்பால்’ என்பதும் ‘இரு’ என்பதும் சேர்ந்து ‘அப்பால் இருத்தல்’ என்ற பொருளில் அமைந்த சொல் அது. விலகியிருக்கும் ஆளையோ பொருளையோ அது எழுவாயாகக் கொள்ளும். வருகைப் பதிவேட்டில் மாணவன்தான் ‘ஆப்சென்ட்’, வகுப்பறை அன்று. மாணவனுக்கு ‘ஆப்சென்ட்’, வகுப்பறைக்கு ‘டிவாய்ட்’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

மூன்றாம் படி: வேரைத் தோண்டுதல்

‘அற்ற’ என்னும் தமிழ்ச் சொல்லை நான் மேலே தற்செயலாக எடுக்கவில்லை. ‘கயிறு அற்றது’ என்கிறோமே, அந்த ‘அறு’ என்னும் வினையின் இறந்தகாலப் பெயரெச்சமே ‘அற்ற’. அதாவது, ‘நீரற்ற ஏரி’ என்பதில் முன்பு நீர் இருந்து, அது அறுந்துபோய்விட்டது என்ற ஒரு நிகழ்ச்சி புதைந்திருக்கிறது. நீர் வற்றிய குளத்தை ‘அற்ற குளம்’ என்று மூதுரை சொல்வதில் அந்தப் பழைய வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்று ‘பயனற்ற’, ‘பொருளற்ற’ என்று எழுதும்போது நாம் அந்த நிகழ்ச்சியை நினைப்பதில்லை. இன்மையை மட்டுமே நினைக்கிறோம்.

‘டிவாய்ட்’ என்பதன் வரலாறும் இதே தடத்தில் செல்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில், ‘காலி செய்’, ‘அகற்று’ என்னும் பொருளில் ஒரு வினைச்சொல் வழங்கிவந்தது. அதன் இறந்தகால எச்சம் ‘டிவாய்டட்’. ‘காலி செய்யப்பட்ட’ என்று பொருள். ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டை ஒட்டி, அந்த எச்சத்தின் ஈற்றிலுள்ள விகுதி தேய்ந்து, ‘டிவாய்ட்’ என்ற பெயரடையாக நின்றுவிட்டது. வினைச்சொல் பின்னர் வழக்கொழிந்தது. அதன் எச்சம் மட்டும் தனித்து வாழ்கிறது.

அந்த ஆங்கில வினை பழம் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சு வினை இரண்டு உறுப்புகளால் ஆனது: ‘வெளியே, அப்பால்’ என்று பொருள்படும் ஒரு முன்னொட்டு, ‘காலி செய்’ என்னும் வினை. இந்த முன்னொட்டில்தான் கெட்டிக்கார மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ‘டி’ என்ற முன்னொட்டு ஒரு செயலைத் தலைகீழாக்கும் என்று படித்திருப்பதால், ‘வாய்ட்’ என்றால் வெறுமை, ஆகவே ‘டிவாய்ட்’ என்றால் வெறுமை நீங்கிய நிறைவு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கணக்கு அழகானது, விடைதான் தவறு. இங்கே முன்னொட்டு மறுப்பதற்காக வரவில்லை. காலி செய்வதை முற்றுப்பெறச் செய்வதற்காக வந்திருக்கிறது. களிச் சட்டியை ‘வழித்து’ என்பதோடு நிறுத்தாமல் ‘வழித்தெடுத்து’ என்கிறோம் அல்லவா, அந்த ‘எடுத்து’ செய்யும் வேலையை இது செய்கிறது.

மாசி, பங்குனியில் நம் ஊர்ப் பக்கத்துத் திண்ணைகளில் புளி தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொட்டை நீங்கிய புளி. அதில் கொட்டை இயல்பாகவே இல்லாமல் இல்லை. ஒருவர் கை உழைத்து அதை வெளியேற்றியிருக்கிறது. ‘டிவாய்டட்’ என்று இடைக்கால ஆங்கிலத்தார் சொன்னது இந்த நிலையைத்தான். புளியை வாங்கிக் குழம்பு வைப்பவருக்குத் தட்டியவரின் நினைவு வருவதில்லை. கொட்டை இல்லை என்பது மட்டுமே தெரிகிறது. இன்றைய ஆங்கிலத்தார் நிற்கும் இடம் அதுவே.

பிரெஞ்சு மொழியில் இவ்வினை இன்றும் சாகவில்லை. ‘தேவிதே’ என்ற வடிவில், கதிரிலோ உருளையிலோ சுற்றியிருக்கும் நூலைப் பிரித்து எடுப்பதை அது குறிக்கிறது. நூல் முழுவதும் வெளியேறிவிட்டால் கதிர் காலியாகிவிடுகிறது அல்லவா, அதுதான் தொடர்பு. பட்டுக்கூட்டிலிருந்து இழை எடுப்பதற்கும் பிரெஞ்சில் இவ்வினையே வழங்குகிறது. தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகும் கூடுகள் நூற்பாலைக்குச் சென்றதும், வெந்நீரில் இட்டு இளக்கி, முனையைத் தேடிப் பிடித்து, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள ஒற்றை இழையைச் சுற்றி எடுத்தபின் உள்ளே புழுவின் உடல் மட்டும் கிடக்கும். ‘டிவாய்ட் ஆஃப் சில்க்’ என்று அந்தக் கூட்டை ஒருவர் சொன்னால், அச்சொல்லை அதன் ஆதிப்பொருளிலும் இன்றைய பொருளிலும் ஒருசேரப் பயன்படுத்தியவர் ஆவார்.

நான்காம் படி: சுற்றத்தை அறிதல்

‘வாய்ட்’ என்பதற்கு மேலே சென்றால் இலத்தீனின் ‘வகுவுஸ்’ என்னும் சொல்லின் குடும்பத்தை அடைகிறோம். ‘வெறுமையான’ என்று பொருள். அதனோடு பிறந்த ‘வகாரே’ என்னும் வினைக்குக் காலியாயிருத்தல் என்பதோடு, வேலையின்றி ஓய்ந்திருத்தல் என்ற பொருளும் உண்டு. ‘வேக்யூம்’, ‘வேகன்ட்’, ‘வேகன்சி’, ‘வெகேஷன்’, ‘இவாக்குவேட்’ ஆகிய அனைத்தும் இந்தக் கொடியில் காய்த்தவை. காலிப் பணியிட அறிவிப்புக்காகக் காத்திருக்கும் என் மாணவர்களிடம், நீங்கள் எதிர்பார்க்கும் ‘வேகன்சி’யும் உங்களை விரட்டும் ‘டிவாய்ட்’டும் பங்காளிகள் என்று சொன்னால் மட்டும் வகுப்பில் சிரிப்பு எழுகிறது.

இடம் காலியாவதற்கும் நேரம் காலியாவதற்கும் ஒரே சொல்லா என்று வியக்க வேண்டாம், தமிழிலும் அப்படித்தான். ‘வீட்டை ஒழித்துக் கொடு’ என்றால் இடத்தைக் காலி செய்வது. ‘ஒழிந்த நேரம்’ என்றால் ஓய்வு. ‘ஓய்வு ஒழிச்சல் இல்லாத வேலை’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ‘எம்ப்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ‘ஓய்வாக உள்ள’ என்ற பொருளோடு பிறந்து, பின்னரே வெறுமையைக் குறிக்கத் தொடங்கியது. நடுவிலுள்ள ‘பி’ என்னும் எழுத்து பிற்காலத்தில் நுழைந்த விருந்தாளி.

‘அவாய்ட்’ என்பதும் இக்குடும்பத்துப் பிள்ளைதான். ‘தவிர்’ என்ற இன்றைய பொருளுக்கு முன்பு அதற்கும் ‘காலி செய்’ என்பதே பொருள். சட்டமொழி அப்பழமையை இன்னும் கைவிடவில்லை: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டத்தால் நிறைவேற்ற இயலாத உடன்பாட்டை ‘வாய்ட்’ என்று வரையறுக்கிறது, ஓர் ஒப்பந்தத்தை ‘அவாய்ட்’ செய்தல் என்று வழக்கறிஞர் சொன்னால், அதைச் செல்லாததாக்குதல் என்று கொள்ள வேண்டும்.

இன்னும் ஆழத்தில், மொழி ஒப்பியலார் இவற்றுக்கெல்லாம் ‘விட்டுவிடு, குறைபடு’ என்ற பொருளுடைய ஓர் இந்தோ–ஐரோப்பிய வேரைக் காட்டுகிறார்கள். ‘குறைவான’ என்று பொருள்படும் வடமொழி ‘ஊன’ என்பதும் அவ்வேரைச் சேர்ந்ததே என்பது அவர்கள் கருத்து. நாம் வழங்கும் ‘ஊனம்’ அதன் வழி வந்தது. ‘வான்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் முதற்பொருள் ‘இல்லாமை’. இல்லாததையே விரும்புவோம் என்பதால் ‘விரும்பு’ என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. ‘வேஸ்ட்’ என்பதும் இந்த வேரிலிருந்து கிளைத்ததாகவே கொள்கிறார்கள். 1792-இல் பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பகுதி) ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமானபின், அலெக்சாண்டர் ரீட் என்பவரின் கீழ் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலவரிக் கணக்கைப் பார்த்தார். அந்த வழியில் வந்த நிலப்பதிவேடுகளில் ‘வேஸ்ட்’ என்றால் குப்பை அன்று. பயிரின்றி வெறுமையாகக் கிடக்கும் தரிசு. ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்று நம் கிராமக் கணக்குகளில் காணும் தொடருக்கு ஆங்கிலத்தில் நிற்பதும் அந்த ‘வேஸ்ட்’ என்பதே.

ஐந்தாம் படி: இலக்கணத்தை வேரிலிருந்து வருவித்தல்

இது ‘காலி செய்யப்பட்ட’ என்ற எச்சத்திலிருந்து வந்தது என்பதை மறக்காதவருக்கு இந்தப் படி எளிதாகக் கடந்துவிடும். காலி செய்யப்பட்டது என்றவுடன் ‘எதிலிருந்து, எது’ என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு விடையளிக்கவே ‘ஆஃப்’ வருகிறது. ஆகவே ‘டிவாய்ட்’ ஒருபோதும் தனித்து நிற்பதில்லை. ‘த லேக் இஸ் டிவாய்ட்’ என்று முற்றுப்புள்ளி வைத்தால், கேட்பவர் மீதிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். ‘ஃப்ரம்’, ‘வித்’, ‘இன்’ ஆகியவற்றுக்கும் இங்கே இடமில்லை.

பெயருக்கு முன்னால் வைத்து ‘எ டிவாய்ட் லேக்’ என்று சொல்வதும் ஆகாது. ‘எ லேக் டிவாய்ட் ஆஃப் வாட்டர்’ என்று பெயருக்குப் பின்னால் வைக்கலாம். அல்லது வினைக்குப் பின்னால் வைக்கலாம். தமிழில் அடை எப்போதும் முன்னால் வருவதால் நமக்கு இது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

அளவு சொல்லும் இடத்தில் ‘வெரி’ என்பதைத் தவிர்க்க வேண்டும். முழு இன்மைக்கு மிகுதி ஏது? ‘அறவே’ என்று பொருள்படும் ‘கம்ப்ளீட்லி’, ‘அட்டர்லி’ ஆகியவை பொருந்தும். ‘ஏறக்குறைய’ என்பதற்கு ‘ஆல்மோஸ்ட்’ பொருந்தும். நம் ‘அறவே’ என்பதிலும் அதே ‘அறு’ ஒளிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆறாம் படி: அண்டைச் சொற்களிலிருந்து பிரித்தறிதல்

இருந்ததை இழந்து தவிக்கும் நிலைக்கு ‘பிரெஃப்ட்’ என்னும் சொல் உண்டு. கொள்ளையடித்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையின் எச்சம் அது; பறிகொடுத்த வலி அதில் இருக்கிறது. ‘டிவாய்ட்’ என்பதில் அந்த வலி இல்லை. அது குளிர்ந்த சொல். மகனை இழந்த தாயைப் பற்றி எழுதும்போது ‘டிவாய்ட்’ என்று எழுதுவது இலக்கணப் பிழை ஆகாமல் போகலாம், ஆனால் மனிதப் பிழை ஆகும்.

இல்லாதது கெட்டதாக இருந்து, அது இல்லாமை நல்லதாகவும் இருந்தால் ‘ஃப்ரீ ஃப்ரம்’ என்பதே ஏற்றது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்குச் செல்லும் பழம் புழுவற்றது என்று சொல்ல வேண்டுமானால், அங்கே ‘டிவாய்ட்’ என்று எழுதினால் புழு இல்லாததற்காக வருந்துவதுபோல் ஆகிவிடும். தமிழின் ‘அற்ற’ இரு பக்கமும் செல்லும், ‘குற்றமற்ற’ என்றும் ‘பயனற்ற’ என்றும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு பக்கமே சாயும். ‘அற்ற’ என்னும் உரைகல் முழுமையாகப் பொருந்தாத இடம் இது ஒன்றே.

பணியிடம், இருக்கை, வாடகை வீடு ஆகியவற்றுக்கு ‘வேகன்ட்’. குடம், பை, பெட்டி ஆகியவற்றுக்கு ‘எம்ப்டி’. தமிழிலும், ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட, இந்த இரண்டுக்கும் ‘காலி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறோம். அரபியிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த சொல் அது. குறைவு மட்டுமே உள்ள இடத்தில் ‘லாக்கிங்’.

ஏழாம் படி: எழுதிப் பார்த்தல்

கீழ்க்கண்டவற்றை முதலில் ‘அற்ற’ வடிவுக்கு மாற்றி, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

‘கிருஷ்ணகிரி மலையின் பாறை முகத்தில் பெரும்பாலும் மரமே இல்லை.’ மரமற்ற பாறை முகம் என்று மாற்றியவுடன், ‘த ராக் ஃபேஸ் இஸ் ஆல்மோஸ்ட் டிவாய்ட் ஆஃப் ட்ரீஸ்’ என்பது தானே வந்துவிடும்.

‘அந்த அலுவலகத்தில் எழுத்தர் இடம் காலியாக இருக்கிறது.’ இங்கே மாற்ற முயன்றால் ‘எழுத்தரற்ற இடம்’ என்று தமிழே முகம் சுளிக்கும். தமிழ் முகம் சுளித்தால் ‘டிவாய்ட்’ என்பதை எடுக்கக் கூடாது, ‘வேகன்ட்’ போதும்.

‘நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் ஆளே இல்லை.’ ஆளற்ற நிலையம் என்பது சரியாகவே வருகிறது. ‘டிவாய்ட் ஆஃப் பீப்பிள்’ என்று எழுதினால் தவறில்லை. ஆயினும் பேச்சு நடையில் ‘எம்ப்டி’ என்பதையே எவரும் சொல்வர். ‘டிவாய்ட்’ எழுத்து நடைக்குரிய சொல். தேநீர்க் கடையில் நின்று ‘என் கிளாஸ் டிவாய்ட் ஆஃப் டீ’ என்று சொல்பவர் கேலிக்கு ஆளாவார்.

கடைசியாக, சற்றுக் கடினமான ஒன்று: ‘அவர் கண்டிப்பானவர்தான், ஆனால் நகைச்சுவை அறவே இல்லாதவர் அல்லர்.’ ஆங்கில நூல்களில் ‘நாட் என்டைர்லி டிவாய்ட் ஆஃப் ஹியூமர்’ என்று வருவது இதுவே. இன்மையை மறுத்து, கொஞ்சம் இருக்கிறது என்பதைக் கஞ்சத்தனமாக ஒப்புக்கொள்ளும் தொடர் இது. தேர்வில் இதற்கு ‘நகைச்சுவை இல்லாதவர்’ என்று பொருள் குறித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். ‘நாட்’ என்பதைக் கண்டவுடன் பேனாவை நிறுத்தி, வாக்கியத்தை மறுபடி ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டே விடையைக் குறிக்க வேண்டும்.